கழுத்துக்கு மேக்கப் போட்டது யார்?

பிப்ரவரி 11

அக்கா,

போன்ல என் நம்பரைத் தடுத்து வெச்சிருக்கே. மின்னஞ்சலைத் தடுக்க மறந்துட்டே போல, அதனால எழுதுறேன். நடுக்கடல்ல போற கப்பல்ல இது எப்போ வந்து சேரும்னு தெரியலை. படிக்காமலே அழிச்சாலும் பரவாயில்லை. எழுதினா என் மனசாவது ஆறும்.

நம்ம படம் போன வாரம் இணையத்துல வந்துடுச்சு. 'நம்ம'ன்னு சொன்னா உனக்குக் கோபம் வரும். ஆனா வேற எப்படிச் சொல்றது? மிருகம் நீ செஞ்சது, வேட்டைக்காரங்க தலைவி நம்ம அம்மா, எடுத்தவன் நான். 'காட்டுக்குப் போற வேட்டைக்காரங்களை வானத்துலேர்ந்து விழுந்த ஒன்னு வேட்டையாடுது'ன்னு கதையை ஒரு வரியில சொன்னப்போ எல்லாரும் 'அட'ன்னாங்க. இப்போ படத்தைப் பார்த்துட்டு 'அடச்சே'ங்கிறாங்க.

படத்துக்குக் கீழ ஜனங்க கருத்து எழுதுற இடம் இருக்கே, அதை விடாம படிக்கிறேன். படிக்காதேன்னு அம்மா சொல்றாங்க. புண்ணைச் சொறியாதேன்னா கை கேக்குமா? ஒருத்தர் எழுதியிருக்கார்: 'அந்த வளைஞ்ச மரத்தை நாலாவது தடவையா பார்க்கிறேன். அதுக்கும் சம்பளம் உண்டா?' இன்னொருத்தர்: 'காட்டுக்குள்ள லாரி ஹாரன் கேக்குது. அதுவும் வேற்று கிரகத்துலேர்ந்து வந்ததா?' குப்பைக் கிடங்குக்குப் பின்னால இருக்கிற தோப்பைக் காடுன்னு காட்டினா லாரி வராம என்ன வரும்? 'பாதியில எழுந்தவன்'னு பேர் வெச்சுக்கிட்டு ஒருத்தன் திரியறான். அவன் எழுதினது இது: 'மிருகம் வருது, வருதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கடைசியில மழையில நனைஞ்ச மெத்தை ஒன்னு வந்துச்சு.' முந்நூறு பேர் இதுக்குச் சிரிச்சிருக்காங்க.

அம்மாவை மட்டும் ஒருத்தரும் குறை சொல்லலை. 'அந்தம்மா அந்தக் குரல்ல கூப்பிட்டா நானே துப்பாக்கியைத் தூக்கிட்டுப் பின்னால போயிடுவேன்'னு ஒரு பொண்ணு எழுதியிருக்கு. வேலை பார்த்த காலம் முழுக்கப் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில பேருந்து கூப்பிட்ட குரல்னு அதுக்கு எப்படித் தெரியும்?

நான் மறுபடி ஸ்டுடியோவுக்கே போறேன். காலையிலேர்ந்து பாஸ்போர்ட் போட்டோ. 'தாடையை இறக்குங்க, கழுத்தை நேரா வைங்க.' முதலாளி படத்தைப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தோளைத் தட்டிட்டுப் போனார்.

நீ பார்த்தியா?

தம்பி


பிப்ரவரி 16

டேய்,

அழிக்கத்தான் நினைச்சேன். விரல் போகலை.

எனக்கு இங்க ஜன்னல் இல்லாத ஒரு அறை. கட்டிலுக்கு மேல அலமாரி, அலமாரி நிறைய விக். கப்பல் ஆடுறப்போ எல்லாத் தலையும் என்னைப் பார்த்து 'இல்லை, இல்லை'ன்னு ஆட்டும். சாயந்திரம் ஆனா, கப்பல் பயணிகளுக்காக ஆடற நாடகக்காரங்களுக்கு முகம் போடணும். கடல் காத்துக்கு எந்தப் பசை போட்டாலும் மீசை நிக்கிறதில்லை. நேத்து ராஜா வேஷக்காரர் சபதம் எடுத்தப்போ மீசை அவர் வாய்க்குள்ளயே போயிடுச்சு. ஜனங்க நல்லாச் சிரிச்சாங்க. சோக நாடகம் அது.

சரி, மெத்தைக்கு வருவோம். அந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சது பாதியில எழுந்தவன் இல்லை. நீ. மாசக்கணக்கா ரப்பரைக் காய்ச்சி ஊத்தி, ஒவ்வொரு செதிலா ஒட்டி அதைச் செஞ்சேன். இது இருட்டுக்குச் செஞ்சதுடா, வெயில்ல வெச்சா பல்லிளிக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உனக்குச் சீக்கிரம் எடுத்து முடிக்கணும்னு அவசரம். உச்சி வெயில்ல கொண்டு போய் நிறுத்தினே. அது பல்லிளிச்சதும், 'மெத்தை மாதிரி செஞ்சு கொடுத்தா நான் என்னத்தை எடுக்கிறது'ன்னு அத்தனை பேர் முன்னாலயும் கத்தினே. கருத்து எழுதறவனுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

படம் பார்த்தேன். போன துறைமுகத்துல கரையில ஒரு கடையில உக்காந்து இறக்கி வெச்சுக்கிட்டேன். என் மிருகம் சாகிற வரைக்கும் பார்த்துட்டு மூடிட்டேன். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் நான் கிளம்பினப்புறம் நீங்க எடுத்தது. எனக்கென்ன?

அம்மாகிட்டயும் அங்கேர்ந்து பேசினேன். குரல் கரகரன்னு இருந்துச்சு. கேட்டா, 'உன் தம்பியோட கத்திக் கத்தி இப்படி'ங்கிறாங்க. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டாங்க. அம்மா எப்போடா போனை இப்படி வெச்சிருக்காங்க? 'சரி வெச்சிடறேன்'னு சொன்னதுக்கப்புறம்தானே பேச்சையே ஆரம்பிப்பாங்க? சளி பிடிச்சிருக்கான்னு பாரு.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

நீ பதில் போட்டதே பெரிசு. மெத்தை விஷயத்துக்கு நான் சொல்ல என்ன இருக்கு? சொன்னது தப்பு. சொன்ன இடம் அதைவிடத் தப்பு.

இப்போ ஒரு நல்ல சேதி. உன் வேலையை ஜனங்க பாராட்டுறாங்க! நிஜமா. ரெண்டு நாளா கருத்துப் பகுதியில ஒரே சண்டை. ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சார். அவர் எழுதினதை அப்படியே தர்றேன்: 'யாராவது கவனிச்சீங்களா? மிருகத்தைக் கொன்னுட்டோம்னு எல்லாரும் நிம்மதியா தீ மூட்டி உக்காந்திருக்கிற காட்சி. தலைவியோட கழுத்துல, இடது பக்கம், லேசா ஒரு வீக்கம். முதல் பாதியில அது இல்லை. குரலும் மெல்ல மெல்லக் கரகரக்குது. அந்த மிருகத்தோட கிருமி ஏற்கனவே அவங்களுக்குள்ள போயிடுச்சு. தனக்குத் தெரியும்னும் யாருக்கும் தெரிய வேண்டாம்னும் அவங்க இருக்காங்க. ஒரு வசனம் கிடையாது, அருகாமைக் காட்சி கிடையாது. மேக்கப் போட்டவங்க யாரோ, அவங்களுக்குக் கும்பிடு.'

உடனே ஒரு கூட்டம் 'அது நிழல்'னுச்சு. இன்னொரு கூட்டம் காட்சியை நிறுத்தி நிறுத்திப் படம் பிடிச்சுப் போட்டு 'நிழலா இது, கண்ணைக் கழுவிட்டு வா'ன்னுச்சு. பாதியில எழுந்தவன்கூட வந்து, 'அந்தக் கழுத்துக்காக முழுசா உக்காந்து பார்த்தேன். கழுத்து பிரமாதம். மெத்தை மெத்தைதான்'னு எழுதிட்டுப் போயிருக்கான். பார்க்கிறவங்க எண்ணிக்கையும் மளமளன்னு ஏறுது.

நானும் போய்ப் பார்த்தேன். இருக்கு, அக்கா! எடுத்தப்போ எனக்குத் தெரியவே இல்லை. தொகுத்தப்போவும் என் கண்ணுல படலை. நீ கிளம்புறதுக்கு முன்னால ரப்பர் ஒட்டு எதையாவது அம்மாகிட்டக் கொடுத்து, எப்படி ஒட்டறதுன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனியா? அம்மாவைக் கேட்டா, 'ஆமா, உங்கக்கா வேலைதான், வேற யாரு'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. என்மேல அவ்வளவு கோபத்துலயும் படத்துக்கு நல்லது செஞ்சிருக்கே பாரு. இது தெரியாம நான் இத்தனை நாள் முறுக்கிக்கிட்டு இருந்தேன்.

தம்பி


பிப்ரவரி 23

டேய்,

நான் எதையும் கொடுக்கலை. எதையும் சொல்லிக் கொடுக்கலை. அந்தக் கழுத்தை நான் தொடவே இல்லை.

உன் கடிதம் வந்ததும் மூடி வெச்ச படத்தைத் திறந்து தீ மூட்டுற காட்சிக்குப் போனேன். அம்மா குவளையிலேர்ந்து தண்ணி குடிக்கிறாங்க இல்ல, அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். விழுங்கறப்போ அந்த வீக்கம் கூடவே மேல ஏறி இறங்குது. ஒட்டு வெச்சா அப்படி ஏறாதுடா. தோல் மேல ஒட்டினது தோலோட நிக்கும். இது உள்ள இருக்கு.

படப்பிடிப்பு முழுக்க தினமும் அந்தக் கழுத்துல அழுக்குச் சாயம் பூசினவ நான். நான் இருந்த வரைக்கும் அது இல்லை.

இதைப் படிச்சதும் எழுந்து வீட்டுக்குப் போ. என்ன ஏதுன்னு கேக்காதே, கேட்டா பொய் சொல்லுவாங்க. ஜன்னல் பக்கம் உக்கார வெச்சு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கச் சொல்லிப் பாரு. பார்த்ததும் எனக்கு எழுது. அடுத்த துறைமுகம் வர்ற வரைக்கும் இங்க போன் எடுக்காது.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

உன் கடிதம் வந்தப்போ ஸ்டுடியோவுல ஒரு குடும்பம் போட்டோவுக்கு உக்காந்திருந்துச்சு. 'அப்படியே சிரிச்சுக்கிட்டே இருங்க, இதோ வந்துட்டேன்'னு வெளிய வந்தவன், நேரா வீட்டுக்கு ஓடிட்டேன்.

அம்மா கூடத்துல துணி மடிச்சுக்கிட்டிருந்தாங்க. கழுத்துல அந்தப் பச்சை மஃப்ளர். குளிர்னு சுத்த ஆரம்பிச்சாங்க, வெயில் வந்தும் கழட்டலை. எனக்கு அது உறைக்கவே இல்லை பாரு. டம்ளர்ல தண்ணியை நீட்டினேன்.

'எதுக்குடா?'

'குடிம்மா.'

'தாகமில்லை.'

'மஃப்ளரை எடுத்துட்டுக் குடிம்மா.'

கையில இருந்த சட்டையை மடிச்சு முடிச்சு, அடுக்கு மேல வெச்சாங்க. 'அவ சொன்னாளா?'ன்னு கேட்டாங்க. டம்ளரை இன்னும் கிட்ட நீட்டினேன். மஃப்ளரைக் கழட்டினாங்க, குடிச்சாங்க. ஜன்னல் வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது. கோழிமுட்டை மாதிரி ஒன்னு, மேல ஏறி இறங்குச்சு. படத்துல இருந்ததைவிடப் பெரிசு.

'எப்போலேர்ந்தும்மா?'

'கடைசிக் காட்சியெல்லாம் எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாலேர்ந்து.'

'ஏன் சொல்லலை?'

'சொன்னா நீ கேமராவை மூடியிருப்பே. ஏற்கனவே உங்கக்கா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. நானும் போயிட்டா அந்தக் காட்டுல யாருடா சுடறது?'

தீ மூட்டுற காட்சி அன்னிக்குக் கழுத்துல துணி ஏதாவது கட்டிக்கிறேனேன்னு அம்மா கேட்டது அப்போதான் ஞாபகம் வந்துச்சு. முன்காட்சியில இல்லையேம்மா, தொடர்ச்சி போயிடும்னு நான்தான் வேண்டாம்னேன்.

'சரி, படம் முடிஞ்சப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?'ன்னேன். அதுக்கு அம்மா சொன்னதை என்னால மறக்க முடியலை. 'முடிஞ்சதும் பயம் வந்துடுச்சுடா. டாக்டர் சொல்லாத வரைக்கும் அது வெறும் வீக்கம்தானே?'

நேத்துக் காலையிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் நம்ம வயசு பொண்ணு. கழுத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, 'தைராய்டுல கட்டி. வேகமா வளர்ந்துதா, மெதுவா வளர்ந்துதா தெரியணும். முன்னால எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டாங்க.

'ஒன்னரை மணி நேரப் படமே இருக்கு டாக்டர்.'

'அதைப் போய்க் காட்டாதேடா'ன்னு அம்மா என் கையைப் பிடிச்சாங்க. நான் போனை எடுத்து ஓட்டினேன். டாக்டர் திரையைக் கிட்ட வெச்சுக்கிட்டு, 'இங்க நிறுத்துங்க... இன்னும் முன்னால... இதுல இல்லை... இன்னும் கொஞ்சம் தள்ளுங்க'ன்னாங்க. திடீர்னு நாற்காலியோட பின்னால போயிட்டாங்க.

'ஐயோ! என்ன இது?'

'அதான் டாக்டர், மிருகம்.'

'சொல்லக் கூடாதா? உயிரே போயிடுச்சு.'

அக்கா, அது புதர்லேர்ந்து தலையை மட்டும் நீட்டுற காட்சி. நீ சொன்னபடி இருட்டுல எடுத்தது.

இத்தனை மாசத்துல மெதுவாத்தான் வளர்ந்திருக்கு, அது நல்ல அறிகுறின்னாங்க. ஆனா ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காம எதையும் சொல்ல முடியாதாம். ஊசி போட்டாச்சு. அம்மா சத்தமே போடலை. என் கையில நகத்தால பதிச்ச அடையாளம் இன்னும் இருக்கு.

தம்பி


மார்ச் 1

தம்பி,

இன்னிக்குக் கரைக்கு வந்ததும் முதல்ல அம்மாகிட்டப் பேசினேன். நான் கிளம்பி வர்றேன்னு சொல்லி வாயை மூடலை, 'வேலையைப் பாதியில போட்டுட்டு வந்தா கதவைத் திறக்க மாட்டேன்'னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு வேலையை அப்படிப் போட்டுட்டுத்தானே இந்தக் கப்பல்ல ஏறினேன்.

இருந்தும் எங்க நிகழ்ச்சி மேலாளரைப் போய்க் கேட்டேன். எனக்குப் பதிலா வேற ஆள் வந்து சேராம இறக்கிவிட முடியாதுன்னுட்டார். ஆளைத் தேடறாங்க. கெட்ட மனுஷன் இல்லை. அவர் அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டேன், 'இல்லை'ன்னார். அதுக்கப்புறம் ஆள் தேடற வேலையைக் கொஞ்சம் வேகமாப் பண்றார்.

நேத்து ஒருத்தருக்கு மீசையைத் தலைகீழா ஒட்டிட்டேன். யாரும் கண்டுபிடிக்கலை. அவர் மட்டும் கண்ணாடியைப் பார்த்துட்டு, 'ஏம்மா, உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டார். அப்படியே உக்காந்து அழுதுட்டேன். பாவம், ராஜா உடையில பக்கத்துல நின்னு விசிறினார்.

உன்மேல கோபமில்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா இப்போ அதுக்கு நேரமில்லை. உன் நம்பரைத் திறந்துட்டேன். முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, மூடி மறைக்காம எழுது. நம்ம வீட்டுல மறைக்கிறதுக்கு ஒரு ஆள் போதும்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

மறைக்காம எழுதுறேன். ஊசிச் சோதனை 'ஆம்'னும் சொல்லலை, 'இல்லை'ன்னும் சொல்லலை. அந்தப் பக்கத்தையே எடுத்துட்டு, எடுத்ததைச் சோதிச்சாத்தான் நிச்சயமாத் தெரியுமாம். பதினேழாம் தேதி ஆபரேஷன்.

இன்னொன்னும் சொன்னாங்க. குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிக்குப் பின்னாலயே ஓடுது. பார்த்துத்தான் எடுப்போம், ஆனா குரல் கொஞ்சம் மாறலாம், அபூர்வமா போயிடவும் போயிடலாம்னாங்க. வீட்டுக்கு வந்ததும் மைக்கை எடுத்துட்டுப் போய், 'அம்மா, ஏதாவது பேசேன், பதிவு பண்ணி வெச்சுக்கிறேன்'னேன். 'போடா, நான் என்ன ஊரை விட்டா போறேன்? குரல் போனா விசிலடிச்சுக் கூப்பிடறேன்'னு விரட்டிட்டாங்க. அப்புறம் அடுப்படியிலேர்ந்து நிஜமாவே விசில் சத்தம் வந்துச்சு. பழகிப் பார்க்கிறாங்க.

அம்மாகிட்டக் கேட்டுட்டுப் படத்துக்குக் கீழ எழுதினேன்: 'கழுத்துக்கு மேக்கப் போட்டது யார்னு கேக்குறீங்க. யாரும் போடலை. தலைவியா நடிச்சது எங்க அம்மா. அது நிஜக் கட்டி. நீங்க பார்த்துச் சொன்னதாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. பதினேழாம் தேதி ஆபரேஷன்.'

விளம்பரத்துக்குப் புளுகறான்னு ரெண்டு பேர் வந்தாங்க. மத்தவங்க அவங்களைப் பிடிச்ச பிடியில ஆளையே காணோம். முதன்முதல்ல கழுத்தைக் கவனிச்சவர், 'ரசிச்சு எழுதினதுக்கு வெட்கமா இருக்கு'ன்னு எழுதினார். அப்படி இல்லைங்க, உங்க கண்ணுக்குக் கோடி புண்ணியம்னு பதில் போட்டேன். ஒரு அம்மா, 'எனக்கும் இதே ஆபரேஷன்தான் ஆச்சு. இப்போ என் குரலுக்குத் தெருவே பயப்படுது'ன்னு எழுதியிருக்காங்க. அதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். 'இன்னொரு தடவை வாசி'ன்னாங்க.

பாதியில எழுந்தவனும் வந்தான். 'மெத்தைன்னு சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். அம்மாவைப் பத்தித் தகவல் போட்டுக்கிட்டே இருங்க.' அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 15

தம்பி,

மருத்துவமனைக்குப் போறப்போ அம்மாவோட தலையணை உறையை எடுத்துட்டுப் போ. வேற உறைன்னா தூங்க மாட்டாங்க. தலைமுடியை ரெண்டு பக்கமும் தளர்த்திப் பின்னி விடு, அண்ணாந்து படுக்கறப்போ பின்னால உறுத்தாது. உனக்குப் பின்னத் தெரியாதுன்னு தெரியும். செவிலியரைக் கேளு.

படத்தை முழுசாப் பார்த்துட்டேன். நானும் ஒரு பார்வையாளர்தானே, என் கருத்தையும் கேட்டுக்கோ. முதல் அரை மணி நேரம் வளவள. அந்த மரத்தை வெட்டிப் போடலாம். ஆனா தலைவி மத்தவங்களைத் தூங்கச் சொல்லி அனுப்பிட்டுத் தனியா தீ பக்கத்துல உக்காந்து, 'நீங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்'னு சொல்றாங்களே, அந்த இடத்துல நீ கேமராவை ஆட்டாம, வெட்டாம, சும்மா விட்டிருக்கே. வேற யாராவது எடுத்திருந்தா கெடுத்திருப்பாங்க. அம்மா அங்க நடிக்கலைன்னு இப்போ நமக்குத் தெரியும். தெரியாமலே ஜனங்க சரியாச் சொல்லிட்டாங்க பாரு: தனக்குத் தெரியும், யாருக்கும் தெரிய வேண்டாம்னு இருக்காங்கன்னு. என்னால அதுக்கு மேல பார்க்க முடியலை. அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வந்து பார்த்தேன்.

நல்ல படம்டா. மோசமான நல்ல படம்.

பதினேழாம் தேதி நாங்க கடல்ல இருப்போம். தகவல் தொடர்பு அறையில வேலை செய்யறவர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், உன் கடிதம் வந்தா நான் மேடைக்குப் பின்னால இருந்தாலும் வந்து கூப்பிடுவார்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது. முதல்ல இதைப் படி, அப்புறம் மத்ததைப் படி.

காலையில உள்ள கூட்டிட்டுப் போனாங்க. போறப்போ அம்மா என்னைப் பார்த்து, 'முகத்தை ஏன் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வெச்சிருக்கே?'ன்னாங்க. கதவு மூடிடுச்சு. வெளிய இரும்பு நாற்காலி வரிசை. பக்கத்துல ஒரு தாத்தா, என் போன்ல படம் ஓடறதைப் பார்த்துட்டு, 'என்ன தம்பி பார்க்கிறே?'ன்னார். 'பேய்ப்படம்'னேன். 'இங்க உக்காந்துமா?'ன்னு தள்ளி உக்காந்துக்கிட்டார்.

மத்தியானம் டாக்டர் வந்தாங்க. முகக்கவசத்தை இறக்கினப்புறம்தான் சிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. நரம்பு பத்திரமா இருக்கு, கட்டி முழுசா வந்துடுச்சுன்னாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டே இருந்தேன். 'விடுங்க, இன்னும் ரெண்டு பேருக்கு ஆபரேஷன் பண்ணணும்'னாங்க.

அம்மா கண் முழிச்சதும், 'ஏதாவது பேசிப் பாருங்க'ன்னு டாக்டர் சொன்னாங்க. நான் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். அம்மா உதட்டை நனைச்சுக்கிட்டாங்க. மெதுவா, காத்து கலந்த குரல்ல, ஆனா குரல்தான் அக்கா, நம்ம அம்மா குரல்தான், 'இவன் சாப்பிட்டானான்னு கேளுங்க'ன்னாங்க.

நான் சாப்பிடலை. செவிலியர் வெளிய தள்ளிட்டுப் போய்ச் சாப்பிட வெச்சாங்க.

எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. அந்த முடிவு வரணும்.

தம்பி


மார்ச் 26

அக்கா,

ஒன்னுமில்லை. ஒன்னுமே இல்லை! சாதாரணக் கட்டி. கெட்டது ஒரு துளிகூட இல்லைன்னு முடிவு வந்துடுச்சு. மேற்கொண்டு ஒன்னும் வேண்டாம், அப்பப்போ வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்துட்டுப் போனாப் போதுமாம்.

டாக்டர் சொன்னதும் அம்மா, 'சரி, அப்போ கிளம்பறோம்'னு எழுந்துட்டாங்க, என்னமோ பல்லு பிடுங்க வந்த மாதிரி. படிக்கட்டு இறங்கித் தெருவுக்கு வந்ததும் நடைபாதையில நின்னுட்டாங்க. ஜனங்க ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போறாங்க. பழக்கடைக்காரர் விலை சொல்லிக் கூவுறார். அம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'கொஞ்சம் இருடா'ன்னாங்க. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. 'சீ, நடுத்தெருவுல என்ன இது'ன்னு அதட்டினாங்க. அதட்டினவங்க கண்ணும் நிறைஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம் பக்கத்துக் கடையில உக்காந்து ஆளுக்கு ரெண்டு டீ குடிச்சோம்.

மருத்துவமனையிலேர்ந்து கிளம்பறப்போ டாக்டர் தனியாக் கூப்பிட்டு, முழுப் படத்தையும் பார்த்துட்டேன்னாங்க. 'கதை சுமார். காயத்துக்குக் கட்டுப் போடற காட்சி மொத்தமும் தப்பு. அந்தக் கட்டுக்கு அவன் மிருகம் கடிக்காமலே செத்திருப்பான். ஆனா வீட்டுக்காரரோட கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பார்த்தேன்'னாங்க. இத்தனை கருத்துலயும் எனக்குப் பிடிச்ச கருத்து இதுதான்.

சேதியைப் படத்துக்குக் கீழ போட்டேன். படிச்சு முடிக்க முடியாத அளவுக்குப் பதில். திட்டினவங்க, கிண்டலடிச்சவங்க, லாரி ஹாரனைக் கண்டுபிடிச்சவர், எல்லாரும் வந்துட்டாங்க. கேமராவைத் தூக்கி வீசிடணும்னு நினைச்சிருந்தேன். இப்போ எடுத்துத் துடைச்சு வெச்சிருக்கேன். அடுத்து என்ன எடுக்கறதுன்னு தெரியலை. எதுவா இருந்தாலும் நீ சொன்ன வெளிச்சத்துலதான் எடுப்பேன்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

உன் கடிதம் வந்தப்போ நான் மேடைக்குப் பின்னால இருந்தேன். தகவல் அறைக்காரர் ஓடி வந்து தாளை நீட்டினார். முதல் வரியைப் படிச்சுட்டுத் தரையில உக்காந்துட்டேன். நாடகக்காரங்க எல்லாரும் பயந்துட்டாங்க. நல்ல சேதிதான்னு சொல்ல வாய் வரலை, தாளையே கொடுத்துட்டேன். நம்ம மொழி அவங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தாங்க.

இன்னிக்குக் கரையிலேர்ந்து அம்மாகிட்டப் பேசினேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும். குரல் இன்னும் முழுசா வரலை, மேல ஏறறப்போ உடையுது. ஆனா பேசினாங்கடா. அடுத்த வீட்டுக்காரங்க சுவர்ல ஆணி அடிச்சது, நீ வெச்ச சூப்புல உப்பே இல்லாதது, மருத்துவமனையில பக்கத்துக் கட்டில்காரம்மா மருமகளைப் பத்திச் சொன்னது, ஒன்னு விடலை. நடுவுல 'சரி, வெச்சிடறேன்'னு சொன்னாங்க. நான் பெட்டி மேல வசதியா உக்காந்துக்கிட்டேன். அதுக்கப்புறம் நெடுநேரம் பேசினாங்க. துறைமுகத்து வெயில் முதுகுல சுட்டுச்சு. நகரவே தோணலை.

எனக்குப் பதிலா ஆள் வந்தாச்சு. சின்னப் பொண்ணு, கை சுத்தம். எந்த மீசைக்கு எந்தப் பசைன்னு எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டு முறையா விடைபெற்றுக்கிட்டு இறங்கிட்டேன். ராஜா வேஷக்காரர் பெட்டியைத் தூக்கிட்டு வந்து கீழ வரைக்கும் விட்டுட்டுப் போனார். இப்போ விமான நிலையத்துல உக்காந்து எழுதுறேன். நாளைக்கு மத்தியானம் வீட்டுல இருப்பேன்.

அம்மாகிட்டச் சொல்லாம வந்து நிக்கணும்னுதான் ஆசை. வேண்டாம், நீ சொல்லிடு. திடீர்னு என்னைப் பார்த்தா கத்துவாங்க. இன்னும் ஒரு மாசம் கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க இல்ல.

அக்கா